கிராஸ்மியர் சுற்று: 180 கிலோமீட்டர், ஆறு கணவாய், ஒரு பகல்

வாசகர் கேள்வி, மே 3

லீட்ஸில் இருக்கிறேன். வயது 46. தினமும் அலுவலகத்துக்குப் போய்வர 22 கிலோமீட்டர் சைக்கிள். யார்க் பக்கம் சமதளத்தில் 110 கிலோமீட்டர் வரை ஓட்டியிருக்கிறேன். வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஃபிரெட் விட்டன் பாதை என்கிறார்களே, அந்தச் சுற்றை ஜூன் மாதத்தில் தனியாக ஒரே நாளில் முடிக்க ஆசை. ஹார்ட்நாட் ஏற்றம் மொத்தமே இரண்டு கிலோமீட்டர்தான், முடியாவிட்டால் இறங்கி நடந்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானா?

மே 3, இரவு

தூரம் சரி. முடிவு தவறு.

ஹார்ட்நாட் கணவாய் எஸ்க்டேல் பக்கமிருந்து 2.2 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 300 மீட்டர் உயர வேண்டும். காலையில் தூங்கி எழுந்த கால்களோடு ஏறுவதென்றால் வேறு பேச்சு. இந்தச் சுற்றில் அது 155 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு வருகிறது. நான்கு கணவாய்களும் கோல்டு ஃபெல் என்ற பொட்டல் மேடும் அதற்குள் உங்கள் கால்களைத் தின்றிருக்கும். நான் இரண்டு முறை புறப்பட்டிருக்கிறேன். முதல் முறை ஹார்ட்நாட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சென்ற ஆண்டு ஜூனில் முடித்தேன்.

பாதை தெரியாதவர்களுக்கு: கிராஸ்மியரில் தொடங்கி இடஞ்சுழியாகச் சுற்றி அங்கேயே வந்து சேரும். ஆம்பிள்சைடு, ட்ரவுட்பெக், கிர்க்ஸ்டோன் கணவாய் (454 மீட்டர்), அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை, மேட்டர்டேல், கெஸ்விக், பாரோடேல், ஹானிஸ்டர் (356), பட்டர்மியர், நியூலாண்ட்ஸ் (333), வின்லேட்டர் (318), லார்ட்டன், எனர்டேல் பிரிட்ஜ், கோல்டு ஃபெல், காஸ்ஃபோர்த், எஸ்க்டேல், ஹார்ட்நாட் (393), ரைனோஸ் (393), லிட்டில் லாங்டேல், மறுபடி கிராஸ்மியர். 112 மைல். மொத்த ஏற்றம் கருவிக்குக் கருவி மாறும். 3,500 மீட்டருக்குக் குறையாது. உயரங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஹார்ட்நாட்டைத் தவிர ஒவ்வொரு கணவாய்க்குப் பிறகும் நூறு மீட்டருக்கு அருகில் இறங்கிவிட்டுத்தான் அடுத்ததில் ஏறுகிறோம். சேர்த்துவைக்க முடியாத உயரம் அது.

பெயருக்கு உரியவரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் இருக்க மனமில்லை. ஃபிரெட் விட்டன் என்பவர் லேக்ஸ் ரோடு கிளப் என்ற சைக்கிள் சங்கத்தின் பந்தயச் செயலாளர். 1998இல், 50 வயதில், புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டிலிருந்து அவர் நினைவாக மே மாதத்தில் இந்தப் பயணம் நடக்கிறது. திரட்டும் நிதி மெக்மில்லன் புற்றுநோய் அமைப்புக்குப் போகிறது. அன்று மிக வேகமானவர்கள் ஆறு மணி நேரத்தில் முடிப்பார்கள். நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். சாலை மற்ற 364 நாளும் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது.

மே 4

எண்ணிப் பார்த்துவிட்டு "ஏழு கணவாய்தானே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கோல்டு ஃபெல்லையும் சேர்த்தால் ஏழு பெரிய ஏற்றங்கள். ஆனால் அது இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே உள்ள வாசல் அல்ல, மலையின் தோள்மேல் ஏறி இறங்கும் சாலை. கணவாய் என்றால் ஆறு.

மே 6

இறங்கி நடந்துவிடலாம் என்ற பேச்சு மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. கணக்குப் போட்டேன்.

என் எடை 75 கிலோ. சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 13. மொத்தம் 88. முப்பது சதவீத ஏற்றத்தில் இந்த 88 கிலோவைப் பின்னால் இழுக்கும் விசை சுமார் 250 நியூட்டன். சைக்கிள் தள்ளாடி விழாமல் இருக்கக் குறைந்தது மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதற்குக் கால்கள் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 345 வாட். நாள் முழுதும் என்னால் கொடுக்க முடிவது 150. மூச்சிரைக்க ஒரு மணி நேரம் ஓட்டினால் 220.

சாதாரண மலையில் சோர்ந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆறு சதவீதம், எட்டு சதவீதம் ஏறும் சாலையில் நாம் மலையோடு பேரம் பேசுகிறோம்: நீ கொஞ்சம் விடு, நான் கொஞ்சம் மெதுவாக வருகிறேன் என்று. முப்பது சதவீதத்தில் பேரம் இல்லை. இதைவிட மெதுவாகப் போனால் விழுவோம், இதைவிட வேகமாகப் போக வலு இல்லை. ஹார்ட்நாட்டின் கடுமை என்று எல்லோரும் சொல்வது இதைத்தான் என்று அந்த எண்களைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது பெடல். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 34 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் நகர்வோம். அந்தச் சரிவில் பெடலில் சராசரியாக 50 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தேவை. பின்னால் 28 பல் மட்டும் இருந்தால் 60 கிலோ. பெடல் மேலேயும் கீழேயும் நிற்கும் கணங்களில் விசை கிடைக்காது. அதனால் அது கிடைமட்டத்துக்கு வரும்போது உடல் எடை முழுவதையும் இறக்க வேண்டியிருக்கிறது. எழுந்து நின்று மிதித்தால் ஈரச் சாலையில் பின் டயர் வழுக்குகிறது. உட்கார்ந்தே மிதித்தால் முன் சக்கரம் தரையைவிட்டுத் தூக்குகிறது. மூக்கை ஹேண்டில் பாருக்கு மேல் கொண்டுவந்து, சீட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டு ஏறுவதுதான் வழி.

கேள்வி கேட்டவருக்கு நேரடிப் பதில்: உங்கள் சைக்கிளின் மிகச் சிறிய கியர் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மே 7

34க்கு 28 என்கிறார். மாற்றுங்கள். முன்னால் 30, பின்னால் 36 கிடைத்தால் அந்த 60 கிலோ 42 ஆகக் குறையும். பின் கியர் மாற்றியும் சில சமயம் புதியது வேண்டியிருக்கும், செயினும் நீளமாக வேண்டும். செலவுதான். புதிய சைக்கிள் வாங்குவதைவிடக் குறைவு.

மே 8

"ஹார்ட்நாட் 30 அல்ல, 33 சதவீதம்" என்று திருத்தம் வந்திருக்கிறது. பழைய பலகை 1க்கு 3 என்றது. இப்போது நிற்கும் பலகையில் 30 சதவீதம். கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பில் அதைவிடச் செங்குத்தாகவும் இருக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் நம்முடைய பக்கமே உள்விளிம்பு. மேலே இருந்து வண்டி வரவில்லை என்று உறுதியானால் மட்டும் நடுச்சாலைக்கு விலகி அகலமாகத் திரும்புங்கள். காது, கண் இரண்டும் திறந்திருக்கட்டும். வலப்பக்க வளைவில் நம் பக்கம் தானாகவே வெளிவிளிம்பு, கொஞ்சம் தாழ்வாகச் சாய்ந்து உதவும்.

மே 11

முதல் முறை ஏன் முடியவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன், மே மாதக் கடைசி சனிக்கிழமை.

கிர்க்ஸ்டோன்தான் காரணம். அங்கே நான் நன்றாக ஓட்டியதுதான் காரணம். ட்ரவுட்பெக்கிலிருந்து மேலே போகும் சாலை அன்று வெயிலில் கிடந்தது, காற்று முதுகில் இருந்தது, எனக்கு முன்னால் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள். மூவரையும் தாண்டினேன். உச்சியில் நின்று மூச்சு வாங்கியபோது இருந்த மகிழ்ச்சியை மறக்கவில்லை. அங்கே செலவழித்தது திரும்பக் கிடைக்காத காசு.

ஹானிஸ்டர் வரை ஒன்றும் தெரியவில்லை. சீட்டாலரிலிருந்து 25 சதவீதம் ஏறுகிறது, உச்சியில் பச்சைக் கற்பலகைச் சுரங்கம், அங்கே தண்ணீர் குடித்தேன். நியூலாண்ட்ஸ் ஏறும்போது வலத் தொடையில் முதல் பிடிப்பு. வின்லேட்டர் காட்டுக்குள் இடத் தொடை. எனர்டேல் பிரிட்ஜ் தாண்டிக் கோல்டு ஃபெல் மேல் ஏறியதும் தென்மேற்குக் காற்று நேராக முகத்தில். மரம் இல்லை, சுவர் இல்லை, ஒதுங்க ஒரு பாறைகூட இல்லை. வலப்பக்கம் ஐரிஷ் கடல், கீழே கரையில் செல்லாஃபீல்டு அணு வளாகம். 1956இல் எலிசபெத் அரசி திறந்துவைத்த கால்டர் ஹால் மின்நிலையம் அந்த வளாகத்தில்தான் இருந்தது. தெளிவான நாளில் மேன் தீவு தெரியும். எனக்கு அன்று முன் டயர் மட்டுமே தெரிந்தது. இறக்கத்திலும் மிதித்தால்தான் வண்டி நகர்ந்தது.

இறங்கியதும் ஒரு தேநீர்க் கடை ஐந்து மணி வரை இருக்கும் என்று நம்பிப் போனேன். மூன்றரைக்கே சாத்தியிருந்தது. கையில் ஒரு வாழைப்பழம். கால்டர் பிரிட்ஜில் சுவரோரம் உட்கார்ந்து யோசித்தேன். நேராகப் போனால் ஹார்ட்நாட், வலப்பக்கம் திரும்பினால் சீஸ்கேல் ரயில் நிலையம். திரும்பினேன். பாரோ வழியாக லான்காஸ்டரில் வீடு வந்து சேர இரவாகிவிட்டது. கார் கிராஸ்மியரில் நின்றது. மறுநாள் 555 பஸ்ஸில் போய் எடுத்து வந்தேன். சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு சைக்கிள்காரரையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மே 12

மேலே எழுதியதைக் காலையில் படித்தேன். காற்றைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது. அந்தக் கரையில் தென்மேற்குக் காற்று விதிவிலக்கு அல்ல, அதுதான் இயல்பு. வானிலை அறிக்கையில் காற்றின் திசையைப் பார்க்காமல் மழையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியது என் பிழை. காற்று எந்தப் பக்கம் என்று முதல் நாள் இரவே பாருங்கள். தென்மேற்கிலிருந்து பலமாக இருந்தால் நாளை மாற்றுங்கள்.

மே 15

மேட்டர்டேல் தாண்டி ஏ66 நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டுமே, லாரிகள் பயமாக இருக்காதா என்ற கேள்வி. பயமாகத்தான் இருக்கும். நிகழ்ச்சி நடக்கும் பாதை அப்படியே கெஸ்விக் வரை நெடுஞ்சாலையில் போகிறது. தனியாகப் போகிறவர்கள் திரெல்கெல்டில் விலகி, பழைய ரயில்பாதையில் போகலாம். பென்ரித், கெஸ்விக் இடையே ஓடிய ரயில் 1972இல் நின்றுபோன பின் அந்தத் தடம் நடைபாதையானது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வெள்ளம் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. ஐந்து ஆண்டுகள் கழித்து 2020 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். கிரேட்டா ஆறு காலடியில் சத்தம் போட்டுக்கொண்டே வரும், மர நிழல், சீரான இறக்கம். ஐந்து கிலோமீட்டர்தான். அந்த நாளில் நாம் எந்த வண்டிக்கும் வழிவிட்டு ஒதுங்காமல், எதையும் எதிர்த்து ஏறாமல் போகும் ஒரே இடம். நடப்பவர்களும் குழந்தைகளும் வருவார்கள், மணி அடித்து மெதுவாகப் போங்கள்.

மே 19

ஆடுகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

ஹெர்ட்விக் என்ற இனம். குட்டி பிறக்கும்போது கறுப்பு, வளர வளர உடல் சாம்பல் நிறமாகிவிடும், முகம் மட்டும் வெளுப்பு. கோல்டு ஃபெல்லிலும் ரைனோஸிலும் வேலியே இல்லை. தார்ச்சாலை வெயிலில் சூடாகி இருப்பதால் அதிலேயே படுத்துக்கொள்ளும். இறக்கத்தில் வேகமாக வரும்போது தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் பிரேக்கில் கை வையுங்கள். குட்டி தாயிடம்தான் ஓடும், உங்கள் சக்கரத்துக்குக் குறுக்கே.

வேலி இல்லாமல் எப்படி ஆடுகள் தொலையாமல் இருக்கின்றன என்று எஸ்க்டேலில் ஒரு விவசாயியிடம் கேட்டேன். தன் மந்தைக்குரிய மலைப்பகுதி எது என்பதைத் தாய் ஆடு குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது, குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது என்றார். அதற்கு ஹெஃப்ட் என்று பெயர். 2001இல் கோமாரி நோய் கம்பிரியாவைச் சூறையாடி, மந்தை மந்தையாக ஆடுகளைக் கொல்ல நேர்ந்தபோது, ஆடுகளோடு அந்த அறிவும் அழிந்துவிடுமோ என்பதுதான் மலை விவசாயிகளின் பெரிய அச்சமாக இருந்ததாம். புதிய ஆட்டை வாங்கிவிடலாம், அதற்கு மலையை யார் சொல்லிக்கொடுப்பது என்றார். அன்று அவரோடு நின்ற இருபது நிமிடத்தில் என் நேரக் கணக்கெல்லாம் குலைந்தது. வருத்தமில்லை.

மே 20

அதே ஆடுகளிலிருந்து இன்னொன்று. இங்கே இடையர்கள் ஆடு எண்ணுவதற்கென்று தனி எண்கள் வைத்திருந்தார்கள்: யான், டியான், டெதெரா, மெதெரா, பிம்ப். ஆங்கிலத்துக்கு முன்னால் இந்த மலைகளில் பேசப்பட்ட மொழியின் சாயல் அதில் இருக்கிறது. வேல்ஸ் மொழியிலும் ஐந்துக்கு இதே ஓசைதான். ஹானிஸ்டர் ஏறும்போது பெடல் மிதிகளை இப்படி ஐந்தைந்தாக எண்ணிப் பாருங்கள். "பிம்ப்" என்று மூச்சை விடும்போது உதடு ஒட்டித் திறக்கிறது, அதிலேயே ஒரு தாளம் கிடைத்துவிடுகிறது. எனக்கு நூறு வரை எண்ணுவதைவிட இது உதவியது. தமிழில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன், நம் "மூன்று" ஒரு மூச்சுக்குச் சற்று நீளம். யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.

மே 24

சாப்பாடு. பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள், மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுக் கணக்கு. இனிப்பு ஜெல் பாக்கெட்டுகள் எனக்கு நான்காவது மணிக்குமேல் குமட்டுகின்றன. புளியோதரையை உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, அலுமினியத் தாளில் சுற்றிச் சட்டையின் பின் பையில் வைத்துக்கொள்வேன். வேர்க்கடலையை மட்டும் எடுத்துவிடுவேன். மூச்சிரைக்கும்போது கடலை தொண்டையில் சிக்கும். கடலை மிட்டாய் இறக்கத்துக்குப் பிறகு, நின்று. கெண்டல் மின்ட் கேக் என்ற புதினாச் சர்க்கரைக் கட்டி இந்த ஊர்ப் பெருமை, 1953இல் எவரெஸ்ட் ஏறியவர்கள்கூடக் கொண்டுபோனது. நாக்கில் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், ஹார்ட்நாட் அடிவாரத்துக்கு வைத்திருங்கள்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். மேலே ஆடு செத்துக் கிடக்கலாம். குடிக்காதீர்கள்.

ஜூன் 1

மே 3ஆம் தேதிக் குறிப்பு முழுவதும் ஏற்றத்தைப் பற்றியே இருக்கிறது. திருத்திக்கொள்கிறேன். விழுந்து அடிபடுகிறவர்கள் விழுவது இறக்கத்தில்.

ஹார்ட்நாட்டின் கிழக்கு முகம் ஏறிய முகத்துக்குச் சளைத்ததல்ல. குறுகிய வளைவுகள், உடைந்த விளிம்பு, பாசி. இந்தச் சாலையை இரண்டாம் உலகப் போரின்போது டாங்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்திச் சிதைத்துவிட்டார்கள், போருக்குப் பின் செப்பனிட்டுத் தார் போட்டார்கள். சைக்கிளுக்காகவோ காருக்காகவோ வகுத்த வளைவுகள் அல்ல என்பது ஒவ்வொரு திருப்பத்திலும் தெரியும். பின்னால் இருந்து கார் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். அவசரப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் என்றால் மழையில் முதல் ஒரு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. கிளம்பும் வாரத்தில் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள். கைவிரல்கள் மரத்துப்போகும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. சென்ற ஆண்டு அந்த இறக்கத்தின் அடியில் உள்ள காக்லி பெக் வந்து சேர்ந்தபோது தண்ணீர்ப் புட்டியின் மூடியைப் பல்லால்தான் திறந்தேன்.

சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பதித்திருப்பார்கள், ஆடு தாண்டாமல் இருக்க. "கேட்டில் கிரிட்" (cattle grid) என்று பலகை இருக்கும். நேராக, மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் கடந்துவிடுங்கள். சாய்ந்து திரும்பினால் மழையில் சறுக்கிவிடும்.

ஜூன் 8

கேள்வி கேட்டவர் நேற்றுக் கெஸ்விக்குக்கு வந்து ஹானிஸ்டர், நியூலாண்ட்ஸ் இரண்டையும் மட்டும் சுற்றிப் பார்த்திருக்கிறார். புதிய கியர் வேலை செய்கிறதாம், இறங்கவில்லையாம். "அப்படியானால் ஹார்ட்நாட்டிலும் இறங்க மாட்டேன்தானே? நீங்கள் இறங்கினீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. முதல் குறிப்பில் "முடித்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

சென்ற ஆண்டு ஜூன் மூன்றாம் வாரம். கிராஸ்மியரில் காலை 4.50. சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தது. கிர்க்ஸ்டோனில் இந்த முறை பேச்சு மூச்சு இழக்காமல் ஏறினேன். ஒரு வரியை உரக்கச் சொல்ல முடிகிறதா என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு முதியவர் என்னைத் தாண்டிப் போனார். விட்டேன். ஹானிஸ்டர் உச்சி 9.50. பகல் பன்னிரண்டு மணிக்கு லார்ட்டன். கோல்டு ஃபெல்லில் காற்று அன்று வடக்கிலிருந்து, முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல. மூன்று மணிக்குக் கால்டர் பிரிட்ஜ். முன்பு உட்கார்ந்த அதே சுவர். நிற்காமல் போனேன்.

எஸ்க்டேலில் சின்ன ரயிலின் விசில் கேட்டது. ரேவன்கிளாஸ் கடற்கரையிலிருந்து வரும் 381 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். பூட் கிராமம் தாண்டினால் பள்ளத்தாக்கு சுருங்குகிறது. அடிவாரத்தில் ஒரு சிவப்புத் தொலைபேசிப் பெட்டி. அங்கே நின்று மின்ட் கேக்கைத் தின்றேன். நிமிர்ந்து பார்த்தால் சாலை தெரியவில்லை. மலைமேல் ஒரு கார் கூரை மின்னியது, அதை வைத்துத்தான் சாலை அங்கே போகிறது என்று ஊகித்தேன்.

கீழ் வளைவுகளை மரங்களுக்கு இடையே ஏறிவிட்டேன். நடுவில் சற்றுத் தளர்கிறது. இடப்பக்கம் ரோமானியக் கோட்டை, மீடியோபாக்டம். ஹாட்ரியன் காலத்தில் கட்டியது. இன்றைய குரோஷியக் கடற்கரையான டால்மேஷியாவிலிருந்து வந்த படைப்பிரிவு அங்கே காவல் இருந்தது. அட்ரியாட்டிக் வெயிலில் பிறந்தவர்கள் இந்த மழையில் நின்று கணவாயைக் காத்திருக்கிறார்கள். சாலைகூட அவர்களுடைய தடத்தை ஒட்டியதுதான், ரேவன்கிளாஸிலிருந்து ஆம்பிள்சைடு வரை. சுவர்கள் இன்னும் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. நின்று பார்க்க ஆசை இருந்தது. நின்றால் மறுபடி ஏறி உட்கார முடியாது என்று போனேன்.

மேல் வளைவுகள் தொடங்கின. முதல் வளைவு, யான் டியான் டெதெரா. இரண்டாவதில் முன் சக்கரம் தூக்கியது. உடம்பை முன்னால் சாய்த்தேன், பின் சக்கரம் வழுக்கியது. காலை ஊன்றினேன். அந்தச் சரிவில் மறுபடி பெடலில் கால் வைத்துக் கிளம்ப மூன்று முறை முயன்றேன். பிறகு தள்ளிக்கொண்டு நடந்தேன். இரண்டு வளைவு, ஏறக்குறைய 150 மீட்டர். சாலையோரத்தில் ஒரு ஹெர்ட்விக் ஆடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. சரிவு கொஞ்சம் தளர்ந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து உச்சி சேர்ந்தேன். மணி ஐந்தரை.

ரைனோஸ் உச்சி 6.10. மூன்று கவுன்டிகள் சந்தித்த இடத்தில் நடுகல்போல் ஒரு கல் நிற்கிறது, 1816 என்று பொறித்தது. கிராஸ்மியர் ஏழு மணி. 14 மணி நேரம் 10 நிமிடம்.

ஜூன் 9

இரவு முழுதும் யோசித்தேன். நடந்த 150 மீட்டரில் நான் இழந்தது ஒன்றரை நிமிடம். அதைச் சொல்லாமல் ஓராண்டு சுமந்திருக்கிறேன்.

ஆகவே மே 3இல் "முடிவு தவறு" என்று எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். நடந்துவிடலாம் என்று நண்பர்கள் சொன்னது சரியே. அந்தச் சரிவில் தள்ளிக்கொண்டு நடப்பதற்கும் கெண்டைக்காலில் வலு வேண்டும், அவ்வளவுதான். அதனால் நடக்கத் தக்க செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள்: அடியில் இரும்புப் பூட்டு உள்ளே பதிந்திருக்கும், மலைச் சைக்கிள்காரர்கள் போடும் வகை. வழவழப்பான பந்தயச் செருப்போடு அந்தச் சாலையில் ஏறுவது பனிக்கட்டியில் நடப்பதுபோல. கிர்க்ஸ்டோனைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்பப் பெறவில்லை. அங்கே யார் தாண்டினாலும் விடுங்கள்.

ஜூன் 12

வரிசையாகச் சின்னப் பதில்கள். டயர் 28 மில்லிமீட்டர் போதும், 32 இருந்தால் கைகளுக்கு நல்லது. ட்யூப் இரண்டு. பின் விளக்கு பகலிலும் எரியட்டும். கைபேசி எஸ்க்டேலுக்கு மேல் பல இடங்களில் வேலை செய்யாது, வீட்டில் நேரக் கணக்கைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஜூனிலும் கணவாய் உச்சியில் மழைச் சட்டை வேண்டும். பாரோடேலில் உள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் மிக அதிக மழை பெறும் ஊர். ஹானிஸ்டர் ஏறும்போது அதற்குப் பக்கத்தில்தான் இருப்பீர்கள். கிராஸ்மியர் இஞ்சி ரொட்டி வாங்க ஆசைப்பட்டால் முதல் நாளே வாங்கிவிடுங்கள். 1854இலிருந்து தேவாலயத்துக்குப் பக்கத்தில் விற்கிறார்கள், விடியற்காலையில் திறக்க மாட்டார்கள்.

ஜூன் 17

22ஆம் தேதி என்று நாள் குறித்துவிட்டாராம். காற்று வடமேற்கு, மிதம், மழை பிற்பகலுக்குப் பிறகு இருக்கலாம் என்கிறது இன்றைய அறிக்கை. இன்னும் மாறலாம்.

எனக்கு அன்று விடுமுறை. லிட்டில் லாங்டேல் வழியாகக் காரில் ரைனோஸைத் தாண்டி வந்து, பிற்பகல் நான்கு மணியிலிருந்து காக்லி பெக் பாலத்தில் இருப்பேன். ஹார்ட்நாட் இறங்கியதும் இடப்பக்கம் பாருங்கள். பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர். மூடியை நான் திறந்து தருகிறேன்.